மச்சாள் மொழிபெயர்த்த வலி

பல் வலித்தால் டொக்டருக்கு முன்னால் வாயைத் திறக்கிறீர்கள். மூலம் வந்தால்கூட நெளிந்து வளைந்து சொல்லிவிடுகிறீர்கள். மாதவிடாயோடு வருகிற வலியைச் சொல்ல மட்டும் உங்கள் வீட்டில் யாருக்கு வெட்கம்? வலிக்கிறவளுக்கா, உங்களுக்கா?

யோகமலருக்கு வெட்கம் இருக்கவில்லை. இங்கிலிஷ்தான் இருக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து அருள்நாயகத்தைக் கலியாணம் கட்டியவள். சென் ஜேம்ஸ் ரவுணில் மாடிக் கட்டடமொன்றில் வீடு, பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. மாதந்தோறும் யாரோ உள்ளேயிருந்து அடிவயிற்றைப் பிழிவார்கள். கக்கூசுக்குப் போனால் கண் இருட்டும். கணவனோடு படுத்தால் உயிர் போய் வரும்.

“எங்களுக்கும்தான் மாதாமாதம் வருது. நீயென்ன மகாராணியோ?” என்று கூட வேலைசெய்த ஜெயமலர் நக்கலடிப்பாள்.

டொக்டரிடம் அவளுக்காகப் பேசியவள் தங்கேஸ்வரி, அருள்நாயகத்தின் தமக்கை. நல்ல இங்கிலிஷ், நல்ல மனம். வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வருவாள். அந்த நாளில் எங்கள் ஆட்களின் வழக்கம் அதுதான்: பாஷை தெரிந்த சொந்தக்காரர் பேசுவார், நோயாளி அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“எல்லாத்தையும் சொன்னனீங்களோ மச்சாள்?”

“ஓம், வயித்துக்குத்து எண்டு சொன்னனான்.”

“மற்றதுகள்?”

“உங்கடை படுக்கையறைக் கதையை நான் அந்த மனிசனுக்கு விரிச்சுச் சொல்லோணுமே? உனக்கென்ன விசரே, யோகம்?”

வயிற்றில் அமிலம் கூடிவிட்டது என்று டொக்டர் மாத்திரை எழுதினார். கூடாத அமிலத்துக்கு வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கினாள் யோகமலர். உள்ளே இன்னொரு வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

“ஒரு பிள்ளை பிறந்தா எல்லாம் சரிவரும்,” என்றான் அருள்நாயகம். பிள்ளை தங்கவில்லை. அப்போதுதான் வீடு விழித்தது. கோயிலில் தொட்டில் கட்டினார்கள். சஷ்டிக்குப் பட்டினி போட்டார்கள். டொக்டரும் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அவள் துடித்ததற்கு வெறும் மாத்திரை, பிள்ளை இல்லாததற்குப் பெரிய டொக்டர். ஒரு பெண்ணின் வலிக்கு நாங்கள் போட்ட விலை அவ்வளவுதான்.

அங்கிருந்த டொக்டர் ஒரு பெண். எண்டோமெற்றியோசிஸ் என்ற நோயை ஆராய்கிறவர். கருப்பையின் உட்தோல் போன்றதொரு தசை வெளியே கண்ட இடத்தில் வளர்ந்து, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் நோய் அது. வயிற்றைத் துளைத்துக் கமெராவால் பார்த்தால்தான் நிச்சயம் தெரியும். இரத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது என்பது அவர் அறையில் சட்டம்.

“நான் இருக்கேக்கை வேறை ஆள் என்னத்துக்கு?” என்று தங்கேஸ்வரி முகம் சிவந்து வெளியே போனாள். ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளர் பேர்ணடெற் கதவைச் சாத்திவிட்டு வந்து யோகமலரின் பக்கத்தில் இருந்தாள்.

“கணவனோடை சேரேக்கை நோகுதோ எண்டு டொக்டர் கேக்கிறா. வெக்கப்படாதேங்கோ, அக்கா. நான் இதைவிட மோசமானதெல்லாம் மொழிபெயர்த்தனான்.”

யோகமலர் சிரித்தாள். சிரிப்பு அழுகையானது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் இடையிலேயே எழுதுவதை நிறுத்திவிட்டு, அன்றைக்கே ஸ்கான் எடுக்கச் சொன்னார்.

கமெராவும் மற்றச் சோதனைகளும் முடிந்த பிறகு டொக்டர் சொன்னதைப் பேர்ணடெற் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னாள். இடப்பக்கச் சிறுநீரகத்திலிருந்து சலம் இறங்குகிற குழாயை நோய் இறுக்கிவிட்டது. அந்தச் சிறுநீரகம் செத்துவிட்டது. அது வலிக்காமலே சாகும். வலப்பக்கக் குழாயிலும் இறுக்கம் தொடங்கிவிட்டது. ஒப்பரேஷனைத் தள்ளிப்போட முடியாது.

“சஷ்டி முடியட்டும், யோகம். நேர்த்தி வைச்சிருக்கிறம்,” என்றாள் தங்கேஸ்வரி. அருள்நாயகம் நிலத்தைப் பார்த்தான்.

“உங்கடை நேர்த்தி என்ரை கிட்னிக்குத் தெரியுமோ மச்சாள்?”

யோகமலர் ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வைத்தாள். வெட்டி எடுக்கிற தசையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளவும் சம்மதித்தாள்.

வலப்பக்கக் குழாய் தப்பியது. இன்றைக்குத் தப்பியது என்றுதான் டொக்டர் சொன்னார். நோய் திரும்பி வரலாம். ஏன் வருகிறது, எப்போது வரும், அவருக்கும் தெரியாது. ஆராய்ச்சிக்கு வருகிற பெண்கள் போதாது, வருகிறவர்களும் பிந்தி வருகிறார்கள் என்றார். ஒவ்வொரு ஸ்கானுக்கும் யோகமலர் மிஞ்சிய ஒற்றைச் சிறுநீரகத்தோடு போய் வரிசையில் காத்திருக்கிறாள். தங்கேஸ்வரி வாசலோடு நின்றுவிடுகிறாள். நல்ல மனம் படைத்த அவளுக்கு இப்போது நித்திரை இல்லை.

ரொறன்ரோவைச் சுற்றி மோர்னிங்சைட்டிலும் ஒஷாவாவிலும் இந்த நேரம் யாரோ ஒருத்தி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அவளை டொக்டரிடம் கூட்டிப் போகிறவர் நீங்களாக இருந்தால், அவள் சொல்வதில் ஒரு சொல்லையும் விழுங்காதீர்கள். உங்கள் நாக்கு கூசினால், தயவுசெய்து மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, எழுந்து வெளியே போங்கள்.