மெழுகால் அடைத்த பெட்டி

வேலணையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழுந்துவிட்டால், கடலின் உப்பு அழையா விருந்தாளியாய் வீட்டினுள் புகுந்து, யன்னற் கொளுக்கி முதல் தையல் இயந்திரம் வரை எதையும் மிச்சம் வையாது உண்ணும். எங்கள் வானொலி அவ்வாறு உண்ணப்பட்டே மாண்டது. அதன் வயிற்றைத் திறந்து உள்ளே செந்நிறத் துருவைக் கண்ட அன்றே ஐயா உப்போடு தீராப் பகை கொண்டார்.

ஆகவே, அம்மாவின் தம்பியாகிய மாமா சவுதியிலிருந்து மீண்டபோது கொண்டுவந்த தொலைக்காட்சிப் பெட்டியை முன்னறையில் இறக்கியதும், ஐயா முதலிற் கவனித்தது அதன் முகத்தையன்று, முதுகை. அங்கே வரிவரியாய் இருந்த துவாரங்களைப் பழைய வேட்டித் துணியால் அடைத்து, அதன்மேல் மெழுகுதிரியை உருக்கிப் பூசினார். ஒன்றும் தப்பவில்லை. அயலார் வந்து தடவிப் பார்த்து மெச்சினர். முன்பல் விழுந்த வயதினளான நானோ, உப்பை வென்ற வீரரின் மகள் என்று தலை நிமிர்ந்து திரிந்தேன்.

அந்தப் பெட்டிக்கு விசித்திரமான ஒரு நோய் இருந்தது. சிறிது நேரம் நன்றாக இயங்கும். பின்னர் உருவங்கள் இருபுறமும் ஒடுங்கி, ஒரு கோடாகி, மறைந்துவிடும். கருகல் மணம் எழும். ஆறவிட்டால் மீண்டும் உயிர்க்கும்.

“எங்கடை வெயில் உதுக்கு ஒத்துவரேல்லை” என்று மாமா தீர்ப்பளித்தார்.

“ஏன், சவுதியிலை பனியே பெய்யுது?” என்றார் ஐயா.

“அங்கை வீட்டுக்குள்ளை ஏசி, அத்தான்!”

சின்னம்மாவின் கலியாண ஒளிநாடா வரும்வரை இந்நோயை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை. தாயும் தந்தையும் இறந்தபின் அவரை வளர்த்தவர் அம்மாவே. ஜேர்மனியில் நடந்த அந்தக் கலியாணத்துக்கு எங்களில் எவராலும் போக முடியவில்லை. மாப்பிள்ளையின் தமையனார் நயினாதீவுக்காரர். எங்களுக்குப் பெரியப்பா முறை. பட்டணத்திற் பெற்றுக்கொண்ட ஒளிநாடாவோடும், அதை ஓட்டிக் காட்ட வாடகைக்கு எடுத்த ‘டெக்’கோடும் ஊருக்குத் திரும்பும் வழியில், ஒரு பிற்பகல் எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார். அவருடைய தாயாரும் மகனின் கலியாணத்தைக் காண அங்கே காத்திருந்தார்.

“பின்னேர பஸ்ஸை விட்டால் எனக்கு வள்ளமில்லை, தங்கச்சி. அதுக்குள்ளை பாத்து முடிச்சுப்போட வேணும்” என்றார்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டது ஒன்றே: “தாரை வாக்கிற இடம் இருக்குத்தானே, அண்ணை?”

“ஓம், ஓம். எல்லாம் கிடக்கு.”

அயல் முழுவதும் எங்கள் முன்னறையில் நெருக்கியடித்து அமர்ந்தது. திரை ஒளிர்ந்தது. வெண்மை போர்த்த நிலத்தின்மேல் ஒரு கார் வந்து நின்றது.

“என்னடியாத்தை, உப்பளத்துக்குள்ளையே கலியாணம்!” என்று வியந்தார் அடுத்த வீட்டு மாமி.

அது பனி என்று மாமா விளக்கியபோதும் ஐயா ஒருமுறை உடல் சிலிர்த்தார். காரின் கதவு திறந்து, கூறைச் சேலைக்குமேல் குளிரங்கி அணிந்த சின்னம்மா ஒரு காலை வெளியே வைத்தார். மற்றக் கால் வருமுன்னே திரை ஒடுங்கிக் கோடாயிற்று.

அப்பொழுது எழுந்த ஓலத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதைவிட, அதன்பின் வந்த குதூகலத்தை! வீடு போர்க்களமாயிற்று. மயில் தைத்த பெட்டியுறை பறந்தது. மூலையிலிருந்த பெட்டியை மாமா நடுவே இழுத்து, அடியிலும் காற்றுப் போகட்டும் என்று கவிழ்த்த சிரட்டைகளின்மேல் ஏற்றினார். யன்னலைத் திற என்றார் மாமா. உப்பு வரும், ஏலாது என்றார் ஐயா. ஈற்றில் யன்னலைத் திறந்து, நனைத்த சாக்கொன்றை அதிற் கட்டித் தொங்கவிடுவதென உடன்பாடாயிற்று. காற்று குளிர்ந்து வரும், உப்பு சாக்கிலே தங்கிவிடும்! பிள்ளைகளாகிய எங்களுக்குப் பனையோலை விசிறிகள் வழங்கப்பட்டன.

“விசுக்குங்கோ பிள்ளையள்! கெதியா! கலியாண வீட்டுக்காரர் மாதிரி விசுக்குங்கோ!”

விசுக்கினோம். என் விசிறி அண்ணாவின் மூக்கிற் பட்டது. அவனுடையது என் தலையிற் பட்டது. இரண்டும் தற்செயல் அல்ல. பெட்டி உயிர்த்தது. சின்னம்மாவின் மற்றக் கால் நிலத்தைத் தொட்டபோது அறையே ஆரவாரித்தது. ஐயர் வந்தார், மாப்பிள்ளை வந்தார், தலைப்பாகை சரிந்தது. மறுபடியும் கோடு.

“இனித்தானே தாரை வாக்கிறது?” என்று அம்மா கேட்டார்.

“இனித்தான்” என்று பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

சாக்கு மீண்டும் நனைக்கப்பட்டது. விசிறிகள் கை மாறின. மூன்றாம் முறை பெட்டி கண்ணை விழித்து, அக்கினியை மட்டும் காட்டி மூடிக்கொண்டது. தெருவில் நிழல்கள் நீண்டுவிட்டன. பெரியப்பா செருப்பைக் காலால் தேடத் தொடங்கினார்.

அதுவரை சுவரோடு நின்ற அம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்து, உடனே இழுத்துக்கொண்டார்.

“இஞ்சருங்கோ” என்றார் ஐயாவிடம். “புட்டுப்பானையின்ரை வாயை இறுக்கி அடைச்சுப்போட்டு, வெளியிலை நிண்டு விசுக்கினால் பானை ஆறுமே?”

மாமா வெடித்துச் சிரித்தார்: “அட, அத்தான் இவ்வளவு நாளும் பெட்டியை அவிச்சுக்கொண்டெல்லே இருந்திருக்கிறார்!”

“நீர் சும்மா இரும்” என்றார் ஐயா. அவருடைய முகம் கறுத்துவிட்டது. “திறந்துவிட்டால் உப்பு திண்டுபோடும்.”

“திண்டால் திண்டுபோட்டுப் போகட்டும். எனக்கு இண்டைக்குப் பாக்கவேணும்.”

அம்மா அவரிடம் அவ்வாறு பேசி நான் கேட்டதில்லை. ஐயாவும் கேட்டதில்லை போலும். மின்தொடுப்பைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, அம்மாவை நோக்கிக் கையை நீட்டினார். அம்மா தம் கொண்டை ஊசியை உருவி அதில் வைத்தார். தாம் பூசிய மெழுகைத் தாமே, ஒவ்வொரு வரியாய், ஐயா கிண்டி எடுத்தார். முதல் துணி வெளிவந்ததும் உள்ளிருந்து வெக்கை ஒரு பெருமூச்சாய் என் முகத்தில் மோதியது. நாங்கள் இம்முறை பின்புறம் திரண்டு விசுக்கினோம். முதுகின் வெம்மை தணிந்ததும் மாமா பெட்டியை முடுக்கினார்.

பெட்டி ஓடியது! கோடு வரும் நேரம் வந்தது, கோடு வரவில்லை. மேளம் முழங்கியது. நான் விசுக்குவதும், முன்னே ஓடிப் பார்ப்பதும், மீண்டும் ஓடி விசுக்குவதுமாய் இருந்தேன்.

சின்னம்மாவின் கை மாப்பிள்ளையின் கையில் வைக்கப்பட்டது. பச்சைச் சேலை கட்டிய ஒருவர் செம்பிலிருந்து நீர் வார்த்தார். அருகில் கண்ணாடி அணிந்த ஒருவர் நின்றார்.

“கொஞ்சம் நிப்பாட்டுவியளே, அண்ணை?” என்றார் அம்மா. பெரியப்பா படத்தை அசையாமல் நிறுத்தினார். “ஆர் இவை?”

“அங்கை பழக்கமான ஆக்கள், தங்கச்சி. உங்கடை இடத்துக்கு ஆரையாவது நிப்பாட்டத்தானே வேணும். நல்ல சனம்.”

நின்ற படத்திற் பெட்டி சூடேறிவிடும் என்று அஞ்சி, நான் இரு விசிறிகளைப் பற்றிப் பேய் பிடித்தவள்போல் விசுக்கினேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார்.

“சிந்தாமல் வாக்கிறா” என்றார் பிறகு. “விடுங்கோ, ஓடட்டும்.”

தாலி ஏறியபோது அடுத்த வீட்டு மாமி பழக்கத்தால் ஒரு பிடி மல்லிகையைப் பெட்டியின்மேல் வீசினார். திறந்த துவாரங்களுள் இதழ் விழாமல் ஐயா பாய்ந்து இரு கைகளாலும் மறைத்தார். பஸ்ஸின் ஒலி கேட்டது. பெரியப்பா டெக்கையும் ஒளிநாடாவையும் அணைத்துக்கொண்டு ஓடினார். அவரை ஏற்றிய பின்னரே பஸ் புறப்பட்டது.

அயலார் கலைந்தபின் நான் முன்னறைக்கு வந்தேன். கொண்டை அவிழ்ந்தபடி அம்மா பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“சூடு ஆறிட்டுதோ, அம்மா?”

“அதைத்தான் பாக்கிறன்” என்றார்.

அவருடைய கைக்கு அருகே என் கையையும் வைத்துப் பார்த்தேன். கிணற்றடிக் கல்லைப்போல் தண்ணென்றிருந்தது. “ஆறிட்டுது!” என்று கூவிக்கொண்டு, எங்கள் பெட்டி பிழைத்த செய்தியை ஊருக்கு அறிவிக்கத் தெருவுக்கு ஓடினேன். வேலிப் படலையில் நின்று திரும்பிப் பார்த்தபோதும் அம்மா கையை எடுக்கவில்லை. எப்போதோ ஆறிவிட்ட ஒன்றைத் தொட்டுப் பார்க்க இவருக்கு ஏன் இவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது என்று எனக்கு வியப்பாயிருந்தது.