ஆள்காட்டி கத்திய மதியம்

புதுச்சேரியில் உப்பை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி, கிளியனூரில் நான் வேலை செய்யும் பஞ்சர் கடையில் நின்றது. டயரைக் கழற்றும்போது டிரைவர் சொன்னார். "உங்க தனபாக்கியம் அக்கா போயிட்டாங்கப்பா. பாத்தியிலயே விழுந்துட்டாங்களாம். வெயிலுன்னு பேசிக்கிறாங்க."

நான் டயரைக் கழற்றி முடித்தேன். ஒட்டுப் போட்டேன். காற்றுப் பிடித்தேன். லாரி போன பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது.

மரக்காணம் உப்பளத்தில் யார் செத்தாலும் வெயில்தான் காரணம். வெயில்மீது யாரும் வழக்குப் போட முடியாது.

அக்கா அனுமந்தையிலிருந்து நடந்து வந்து உப்பு வாரியவர். இரண்டு கோடைகள் அவருக்குப் பக்கத்துப் பாத்தியில் நான் உப்புச் சுமந்தேன். முதல் நாளே வரப்பில் ஓர் ஆள்காட்டிக் குருவி என் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்தியது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"டேய், ஓடாத. உன்ன மேஸ்திரின்னு நெனச்சிட்டுது" என்றார் அக்கா. "நாலு நாள் மூஞ்சியக் காட்டு, பழகிடும்."

அப்படியே பழகியது. அதன் பிறகுதான் அந்த உப்பளத்தின் ஏற்பாடு எனக்குப் புரிந்தது. வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். நிழலுக்கு ஒரு கீற்றுக் கொட்டகைகூடக் கிடையாது. ஆனால் வரப்புக்கு மண் பூசும்போது, குருவி முட்டையிட்ட இடத்தை மட்டும் பெண்கள் தொடாமல் விடுவார்கள். தினமும் பார்க்கும் பெண்களைக் கண்டு அது கத்தாது. மேஸ்திரியின் சைக்கிள் தொலைவில் திரும்பினாலே கத்தும். அது சும்மா இருக்கும்வரை உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம். கத்தினால் எழுந்து குனிந்துவிட வேண்டும்.

"ஆள்காட்டின்னு திட்டுறாங்களே, அக்கா" என்று ஒருமுறை கேட்டேன்.

"திட்டுறவன் மொதலாளியா இருப்பான். நமக்கு அது காவக்காரன்பா. கூலிகூடக் கேக்கல."

இன்னொரு காலையில் வானம்பாடி ஒன்று பாடிக்கொண்டே நெட்டுக்குத்தாக மேலே போனது. எல்லோரும் அண்ணாந்தோம். அக்காவும் அண்ணாந்தார், வேறு பக்கமாக. "எங்கடா இருக்குது? சத்தம் மட்டும் வருது." கையைப் பிடித்துக் காட்டினேன். "ம், தெரியுது" என்றார். தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. உப்பின் வெளிச்சம் அவர் கண்ணைத் தின்றிருந்தது. கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "ஒரு நாள் போனா மறுநாள் என் பாத்தியில வேற ஆளு நிக்கும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பாட்டு முடியும்வரை நின்று கேட்டார். அதன் பிறகு குனிந்து உப்பை வாரினார்.

மேஸ்திரிக்கு ஒருநாள் விஷயம் தெரிந்துபோனது. முட்டைமேல் மண் பூசச் சொல்லி அக்காவிடம்தான் சட்டியைக் கொடுத்தான். அவர் அதைக் கீழே வைத்தார். "நீயே பூசு" என்றார். அவன் செருப்புக் காலால் முட்டைகளை மிதித்தான். மறுநாளிலிருந்து அக்காவுக்குக் கடலோரக் கடைசிப் பாத்தி, தனியாக. தண்ணீர்ப் பானை எங்கள் பக்கமே இருந்தது. நானும் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டு வந்தேன். என்னால் வர முடிந்தது. அவருக்குப் போக இடமில்லை.

மீதியைக் காசியம்மா அக்கா சொன்னார், அடக்கம் முடிந்து திரும்பும்போது. அவரும் அதே உப்பளத்தில் வாருகிறவர்.

"அந்தக் குருவி கடைசிப் பாத்தி வரப்புலதான் திரும்ப முட்ட வச்சிருந்துது. அன்னிக்கு மதியம் அப்பிடிக் கத்துச்சுப்பா. விடாம கத்துச்சு. மேஸ்திரி அந்தப் பக்கமா வர்றான்னு நெனச்சு எல்லாரும் குனிஞ்சிட்டோம். எவளும் தலையத் தூக்கல. இவ்வளவு நேரம் கத்துதே, அங்கயே நிக்கிறான் போலன்னு இன்னும் வேகமா வாரினோம்."

"மேஸ்திரி வந்தானா?"

"அன்னிக்கு அவன் வரவேயில்ல. பஜார்ல இருந்தான்."

தனபாக்கியம் அக்கா வரப்பில், முட்டைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்திருக்கிறார். தனக்குப் பழக்கமான பெண்ணைப் பார்த்து அந்தக் குருவி கத்தியது அன்று மட்டும்தான். அவர் உயிர் இருந்தபோதே கத்தியிருக்கும் என்று காசியம்மா நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தப் பெண்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கத்தினால் குனி என்று அவர்களைப் பழக்கியது குருவி இல்லை.

இப்போது கவர்னர் ஆட்சி. மனு கொடுக்க ஓர் எம்.எல்.ஏ.கூட இல்லை. இருந்திருந்தாலும் வெயில் என்றுதான் சொல்லியிருப்பார். கடைசிப் பாத்தியில் இன்று வேறொரு பெண் வாருகிறார். பானை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு பழக்கம். எங்கள் கடைக்குப் பின்னால் ஏரிக்கரையில் ஆள்காட்டிகள் உண்டு. கத்தினால் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறேன். "ஏம்பா, எவன் வர்றான்னு பாக்கற?" என்று கடைக்காரர் சத்தம் போடுகிறார்.

யார் விழுந்தார்கள் என்று பார்க்கிறேன்.