தட்டி நிமிர்த்திய விளிம்பு

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பள்ளி மண்டபத்தைத் திறந்து கூரையை அண்ணாந்து பார்த்தேன். பொறியாளர் ரெங்கராஜ் காலமான செய்தி நேற்று மாலையே வந்துவிட்டது. துக்க வீட்டுக்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும். மண்டபத்தைப் பார்க்காமல் அவர் மனைவியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் பெண்கள் பள்ளிக்கு மண்டபம் கட்டியபோது கூரையை வடிவமைத்துக் கொடுத்தவர் அவர். மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்த சட்டங்கள், மேலே தகரம். பள்ளிச் செயலாளர் அவருடைய பால்ய நண்பர். "ஏலே ரெங்கராஜு, கூரை போடச் சொன்னா பிஸ்கட் டப்பா செஞ்சு வச்சிருக்க?" என்றார். ரெங்கராஜ் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து இரண்டு மைக்கூடுகளுக்கு நடுவே வைத்தார். தொய்ந்து விழுந்தது. ஓரங்களை மடித்து வைத்தார். சாக்பீஸ் டப்பாவைத் தாங்கி நின்றது. "பலம் கனத்துல இல்லடா, மடிப்புல இருக்கு. ஒனக்கு வயித்து மடிப்பு மட்டுந்தான தெரியும்."

ஒவ்வொரு போல்ட்டுக்கும் அகலமான வாஷர் போட்டிருக்கிறார்களா என்று ஏணியில் ஏறி அவரே பார்த்தார். "நம்மூருக் காத்து கூரையை அமுக்காது டீச்சர், பிடிச்சுத் தூக்கும். வாஷர் சின்னதா இருந்தா தகரம் கிழிஞ்சு பறந்துரும், போல்ட்டு மட்டும் நிக்கும்" என்றார்.

பிறகொரு ஆண்டு விழாவுக்குத் திரை கட்டும்போது கொக்கி சட்டத்தில் உட்காரவில்லை. சட்டத்தின் கீழ் விளிம்பிலிருந்த சிறு மடிப்பு இடித்தது. அதைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தச் சொன்னது தலைமையாசிரியையாகிய நான்தான். அன்று மேடையில் ரெங்கராஜின் மகள் ஆடினாள். முன்வரிசையில் இருந்த அவரோ மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரை கனமே இல்ல சார்" என்றேன்.

"கனத்தை யாரு கேட்டா? ஆடிக் காத்து கூரையைத் தூக்குறப்ப கீழ் விளிம்புதான் நசுங்கும். மடிப்பு இருந்தாத் தாங்கும். அழகுக்கா வச்சேன்?"

"பரீட்சை முடியட்டும் சார், மாத்திரலாம்."

செயலாளரிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே வேலை நடந்திருக்கும். எனக்குத் தலைகுனிவாகவும் இருந்திருக்கும். அதனால்தான் அவர் சொல்லவில்லை. என்னிடம் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக வீரசோழன் போகும் பஸ்ஸில் பின்னிருக்கையிலிருந்து அவர் குரல் கேட்டது: "டீச்சர், இன்னும் பரீட்சை முடியலையா?" ஏதோ வேடிக்கை என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்று காலை பார்த்தபோது, தட்டி நிமிர்த்திய அந்த இடம் அலை அலையாக நெளிந்திருந்தது. இந்த ஆடிக் காற்று செய்த வேலை. அதற்குக் கீழேதான் பிள்ளைகள் தினமும் பிரார்த்தனைக்கு உட்காருகிறார்கள். இரங்கல் கூட்டமும் அங்கேதான் என்று முடிவாகியிருக்கிறது. "படத்தை அந்தக் கொக்கியிலயே மாட்டிருவோம் டீச்சர், சும்மாதான கெடக்கு" என்று செயலாளர் அழுதுகொண்டே சொன்னார்.

இதைப் படிக்கிற, அவரை அறிந்த உங்களுக்குச் சொல்ல எத்தனையோ இருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது பஸ்ஸில் கேட்ட அந்தக் கேள்விதான்.

மண்டபத்தைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். சட்டத்தை மாற்றும் வரை அதை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. கூட்டமும் படமும் வெளியே, வேப்பமரத்தடியில் இருக்கட்டும். ஏன் என்று கேட்பார்கள். அந்த மடிப்பைத் தட்டச் சொன்னது யார் என்பதைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிடுவேன். செயலாளரிடம்கூட இதை நான் இன்னும் சொல்லவில்லை.