றெமிஜியசின் கரண்ட் இல்லாத குசினி

புலம்பெயர்ந்து வந்த ஊரான மல்வேர்னில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில், ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடம் நின்று காது புளித்தவர் றெமிஜியஸ். ஓய்வு பெற்ற மறுமாதமே, மெசின் சத்தம் கேட்காத இடம் வேண்டும் என்று, வடக்கே மூன்று மணித்தியாலம் தள்ளி ஏரிக்கரையில் ஒரு மரக்கொட்டிலை வாங்கிப் போட்டார். ஓர் அறை, சமைக்கக் குசினி என்று ஒரு மூலை, அதில் ஒரு காஸ் அடுப்பு. கரண்ட் கிடையாது. கோடை முழுக்க மனைவியோடு அங்கே இருப்பது என்பது திட்டம். மனைவியிடம் கேட்காமல் போட்ட திட்டம்.

அன்ரனெற் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னார்.

"அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை வந்து பாக்கிறன். இடியப்பமும் இடிச்ச சம்பலும் எண்டால் நிப்பன். பாணும் ஜாமும் எண்டால் ஞாயிறு விடியவே என்னைப் பூசைக்குக் கொண்டுவந்து விட்டிட வேணும். பிறகு நீங்கள் தனியப் போய் மீனோட கதையுங்கோ."

தனியாகப் போக றெமிஜியசுக்கு மனமில்லை. அன்ரனெற்றின் குரல் இல்லாத அமைதி அவருக்கு வேண்டாம். ஆகவே கையால் இயங்கும் சமையல் சாமான் தேடிப் புறப்பட்டார்.

இணையக் கடைகளில் 'ஓஃப் கிரிட்', அதாவது கரண்ட் தேவையில்லாதது, என்று பெயர் வைத்ததுமே சாதாரணக் கைமெசினின் விலைக்கும் கொம்பு முளைத்திருந்தது. பழைய சாமான் கடையொன்றில், மேசையில் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றித் தேங்காய் துருவும் திருவலை பதினொரு டொலருக்குக் கிடைத்தது. வீட்டுக்கு ஓடிவந்து தேங்காய்ப் பாதியைக் குத்திச் சுற்றினார். தேங்காய் பறந்துபோய் பிறிட்ஜில் மோதியது.

"உது அப்பிள் தோல் சீவுறதப்பா" என்றார் அன்ரனெற், தலையை நிமிர்த்தாமலே.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு தன் கஷ்டத்தை நாலு பேரிடம் சொன்னார். மில்லிக்கன் முதல் பிக்கரிங் வரை தமிழர் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்ருகள் திறந்துகொண்டன. குந்தியிருந்து திருவும் மூன்று திருவலை, இரண்டு இடியப்ப உரல், உலக்கையோடு ஒரு சின்னக் கல்லுரல். ஒருவரும் ஒரு சதம் வாங்கவில்லை. பிக்கரிங் றஜிதா கல்லுரலைத் தானே தூக்கிக் காரில் ஏற்றிவிட்டு, "திருப்பி மட்டும் கொண்டு வந்திடாதேங்கோ அண்ணை" என்றாள். எவ்வளவு நல்ல சனம் என்று றெமிஜியஸ் நெகிழ்ந்து போனார்.

சொன்ன சனிக்கிழமை கொட்டிலில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார்.

"இந்தாரும், எல்லாம் றெடி. இனி நீர் தொடங்கும்."

அன்ரனெற் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். "நல்ல சாமான். ஆர் திருவுறது? ஆர் இடிக்கிறது?"

சாமான் தேடிய ஒரு மாதத்தில் இந்தக் கேள்வி றெமிஜியசுக்குத் தோன்றவே இல்லை.

"கலியாணம் கட்டிப் பத்து வருசம் கையால இடிச்சனான். என்ர பங்கு முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, அன்ரனெற் குந்தியிருக்க ஒரு கதிரையை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போய்விட்டார்.

றெமிஜியஸ் திருவலையில் குந்தினார். முதல் தேங்காயில் விரல் தோலும் கொஞ்சம் போனது. இடியப்ப உரலை அமத்தியபோது கண் பிதுங்கியது. உலக்கை இரண்டு தரம் காலில் விழுந்தது. பசி எடுத்து, பசி கெட்டு, இரண்டு மணிக்குச் சாப்பாடு வந்தது.

"உப்புக் காணாது" என்றார் அன்ரனெற். பிறகு ஒன்பது இடியப்பம் சாப்பிட்டார்.

ஞாயிறு காலை றெமிஜியசுக்குக் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. வீட்டில் இருக்கிற கிரைண்டரை நினைக்க ஏக்கமாக இருந்தது. கார்த் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசையோடு ஏரிக்கரைக்குப் போனார்.

"பூசைக்கு நேரமாகுது. வெளிக்கிடுவமே?"

"பக்கத்து ரவுணில கோயில் இருக்கு. பத்தரைக்குப் பூசையாம், விசாரிச்சிட்டன்." அன்ரனெற் தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தார். "முப்பத்தாறு வருசத்தில இண்டைக்குத்தான், என்ன சமைக்கிறதெண்டு யோசிக்காமல் கண் முழிச்சனான். நான் கோடை முடியத்தான் வருவன். நீங்கள் ஏலாதெண்டால் போங்கோ, கோவிக்க மாட்டன்."

அந்த முகத்தை அவர் இத்தனை வருடமாக இப்படிப் பார்த்ததில்லை. திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"மத்தியானத்துக்கு ரெண்டு தேங்காய் திருவினால் காணுமோ?" என்று கேட்டார்.