பதினொன்று ஐந்துக்கு வருகிற ஏழாவது பெயர்

எங்கள் தொழிலில் மனிதர்களைவிட அவர்கள் விட்டுப்போன தடங்களோடுதான் பழக்கம் அதிகம். ஒருவர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எதைத் திறந்தார், எதை அழித்தார், எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்பதெல்லாம் தெரியும். அவர் சிரித்தால் எப்படி இருப்பார் என்பது தெரியாது. சர்வர் ரூம் ஏ.சி.யில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த வருஷத்தில், திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தேன். புத்தூரிலிருந்து தினமும் ரயில். முதல் ஆறு மாதம் ட்ரையல். அதற்குள் ஏதாவது சொதப்பினால் வீட்டுக்குப் போகலாம். வேலையில் எனக்குப் பிடித்தது, அதற்கு வேண்டிய டூல்கள் எல்லாம் நாலைந்து எழுத்தில் இருந்ததுதான். தட்டினால் பதில் வரும். யாரிடமும் வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்லை.

அறையில் ஆறு பேர்

'ஹூ' என்று ஒரு டூல். தட்டினால் அந்த நிமிஷத்தில் சர்வருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர்களை வரிசையாகக் காட்டும். சேர்ந்த இரண்டாவது நாள் தட்டிப் பார்த்தேன். பதினொரு மணிக்கு எல்லோரும் கீழே டீக்கடைக்குப் போய்விடுவார்கள். கூட்டத்தோடு நின்று டீ குடிப்பது எனக்கு வராது. நான் மட்டும் சீட்டிலேயே இருப்பேன். அன்றைக்கும் அப்படித்தான். என்னையும் சேர்த்து ஆபீஸில் ஆறு பேர். திரையில் ஏழு பெயர்.

ஏழாவது பெயர் தணிகாசலம். எனக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவர். நகரிக்காரர். ஒரு வருஷம் முன்பு அமெரிக்கா போய்விட்டார். பதினொன்று ஐந்துக்கு வந்த பெயர் நான்கு நிமிஷம் இருந்தது, பிறகு போய்விட்டது. டீ குடித்துவிட்டு மேலே வந்த சீனியர் புரோகிராமர் பிரசாத் சாரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் சித்தூர்க்காரர், பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் பேசுவார். தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அது தினம் வரும் போகும்மா. நீ பாட்டுக்கு உன் பனி சூஸ்கோ, வேலையப் பாரு."

வாயால் சொல்லுங்கள்

சர்வரை நிறுத்தப் போகிறோம் என்றால் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நடு ஹாலில் நின்று குரல் கொடுக்க எனக்குக் கூச்சம். அதற்கு 'வால்' என்று ஒரு டூல் இருக்கிறது. ஒரு வரி எழுதினால் எல்லோர் திரையிலும் ஒரே சமயத்தில், அவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு நடுவே அந்த வரி தோன்றும். "பத்து நிமிஷத்தில் சர்வர் நிற்கும். வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி அனுப்பினேன்.

ஹாலில் சத்தம் நின்றுபோனது. எட்டிப் பார்த்தால் அக்கவுன்ட்ஸ் சுலோச்சனா மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆபீஸில் அப்படி எழுதி அனுப்பும் வழக்கம் தணிகாசலம் ஒருவருக்குத்தான் இருந்ததாம். அவரும் கூச்ச சுபாவக்காரராம். அவர் போன பிறகு ஒரு வருஷமாக யார் திரையிலும் அப்படி ஒரு வரி வந்ததில்லை. நான்தான் அனுப்பினேன் என்று போய்ச் சொன்னேன். மேடம் மேஜை டிராயரிலிருந்து கோயில் குங்குமத்தை எடுத்து மானிட்டருக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார்.

"இனிமே எதுவானாலும் வந்து வாயால சொல்லும்மா. எனக்கு பி.பி. இருக்கு."

மெசினுக்கு வந்தானா

மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, ஒரு பெண் மாடி ஏறி வந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் ஒயர்கூடை, புடவையில் அங்கங்கே நூல் பிசிறு. பெயர் கன்னியம்மா, தணிகாசலத்தின் அக்கா. நகரியில் பவர்லூமுக்கு நூல் சுற்றுகிற வேலை. அப்பா அம்மா போன பிறகு தம்பியைப் படிக்கவைத்தவள் இவள்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர்கள் தெரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தவன், நான்கு மாதமாகப் பண்ணவில்லை. அனுப்பிவைத்த ஹைதராபாத் ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. உயிரோடு இருக்கிறானா என்று கேட்க அவளுக்கு இந்த ஆபீஸைத் தவிர வேறு இடம் தெரியவில்லை.

"அங்க வேல பூடுச்சின்னு நம்ம பசங்க ரெண்டு மூணு பேரு ஏதேதோ பண்ணிக்கினாங்களாமே, பாப்பா. அத்த கேட்டதுலேர்ந்து சோறு எறங்கல."

'ஃபிங்கர்' என்று ஒரு டூல் உண்டு. ஒருவர் பெயரைக் கொடுத்தால் அவர் கடைசியாக எப்போது வந்தார், மெயிலை எப்போது படித்தார் என்று சொல்லும். தட்டினேன். கடைசி வருகை: இன்று, பதினொன்று ஐந்து. மெயில் படித்தது: நான்கு மாதம் முன்பு. முப்பத்தெட்டு மெயில் பிரிக்காமல் கிடந்தது. தினமும் வீட்டுக்கு வந்து, வாசலில் குவிந்த கடிதங்களைத் தாண்டி நின்றுவிட்டுப் போகிறவர் மாதிரி. மெசினுக்குத் தினமும் வருகிறார் என்பதை மட்டும் சொன்னேன். அவள் திரையைத் தொடாமல், அதற்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக்கொண்டாள்.

"தெனம் வரவன் ஒரு வார்த்த பேசாம போவானா? என் தம்பி அப்பிடி இல்லியே."

ஒரே விநாடி

அவள் போன பிறகு பழைய பதிவுகளைப் பிரித்துப் பார்த்தேன். வந்த நேரம் தினமும் பதினொன்று ஐந்து. ஒரு விநாடி முன்பின் இல்லை. இருந்தது நான்கு நிமிஷம். ஞாயிறு உண்டு, தீபாவளி உண்டு, ஊரெல்லாம் கரன்ட் போய் எங்கள் சர்வர் மட்டும் பேட்டரியில் ஓடிய மழை நாளும் உண்டு. எந்த மனுஷனும் அப்படி வரமாட்டான். முதுகில் சால்வைக்குள் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது.

பிரசாத் சாரிடம் காட்டினேன். இந்தத் தடவை முழுசாகப் பார்த்துவிட்டு, இது கிரான் வேலை என்றார். நேரம் வைத்து வேலைகளைத் தானாக ஓட்டுகிற 'கிரான்' என்ற டூலை நாம் எல்லோரும்தான் பயன்படுத்துகிறோம். அமெரிக்காவில் ஏதோ ஒரு கம்ப்யூட்டரில், தினமும் பதினொன்று ஐந்துக்கு இங்கே வந்து போ என்று தணிகாசலம் என்றைக்கோ எழுதிவைத்திருப்பார். அதை நிறுத்த ஆள் இல்லாவிட்டால் அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். பெயர் வருவதால் ஆள் இருக்கிறான் என்று ஆகாது. அந்த அக்காவுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன்.

"அதி மனிஷி காதம்மா, ஆளே இல்ல, தானா ஓடற ஸ்கிரிப்ட். எழுதினவன் இருந்தாலும் ஓடும், இல்லேன்னாலும் ஓடும்."

சித்தூரில் ஒரு பிசாசு

அதே வாரம் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு சர்வீஸுக்குப் போனேன். அவர்கள் சர்வரில், ஓடி முடிந்து செத்துப்போன புரோகிராம்கள் நாற்பதுக்கு மேல் பட்டியலில் அப்படியே இருந்தன. எங்கள் பாஷையில் இவற்றுக்கு ஸாம்பி என்று பெயர். 'கில்' போட்டாலும் போகாது. ஏற்கெனவே செத்ததை எப்படிக் கொல்வது? எது அதை அனுப்பியதோ, அந்தத் தாய் புரோகிராம் வந்து "என்ன ஆச்சு" என்று ஒரு தடவை கேட்டால்தான் பெயர் பட்டியலிலிருந்து இறங்கும். அதுவரை காத்திருக்கும்.

மேனேஜரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கன்னியம்மாவின் ஒயர்கூடை ஞாபகம் வந்து, சொன்னதையே திரும்பவும் சொன்னேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. இவை எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று கேட்டார். இடமே பிடிக்காது சார், பெயரும் நம்பரும் மட்டும்தான் என்றேன். நிம்மதியாகத் தலையாட்டினார்.

"அப்ப எங்க ஊர் ஓட்டர் லிஸ்ட் மாதிரிதான். இருந்துட்டுப் போகட்டும்."

பெயரை எடுக்கும் நாள்

அடுத்த வாரம் அமெரிக்க க்ளையன்டிடமிருந்து உத்தரவு வந்தது. வேலையை விட்டுப் போனவர்கள் ஐடி ஒன்றுகூட சர்வரில் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எடுத்தாக வேண்டும். எடுக்க வேண்டியவள் நான். எடுத்துவிட்டால் அந்தப் பெயர் உள்ளே வரவே முடியாது, ஸ்கிரிப்டானாலும் சரி, ஆளானாலும் சரி. கன்னியம்மா அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். புதன், வியாழன் இரண்டு நாளும் கூலியை விட்டுவிட்டு வந்து, டீ நேரத்தில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். 'டாக்' என்ற டூலால் இரண்டு பேர் திரை வழியாகப் பேசிக்கொள்ளலாம். அதில் அவரைக் கூப்பிட்டேன். "அழைக்கிறேன்" என்ற வரி மட்டும் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்தது. நான்கு நிமிஷம் முடிந்ததும் பெயர் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு நேரே உட்கார்ந்தாள். இன்றைக்கு எடுத்துவிட வேண்டும் அக்கா என்றேன். அவள் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். ஹாலில் எல்லோரும் டீக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிரசாத் சார் வாசலில் நின்று, முடித்துவிட்டாயா என்று கையாலேயே கேட்டுவிட்டுப் போனார்.

"எடு பாப்பா. ஒனக்கு ஏன் எங்களால வம்பு."

திரையின் கீழ்ப்பாதி

பெயரை எடுக்கும் கட்டளையைத் தட்டும்போது மணி பதினொன்று ஆறு. சர்வர் மறுத்துவிட்டது. இந்த நபர் இப்போது உள்ளே இருக்கிறார் என்று ஒரு வரி வந்தது. எத்தனையோ தடவை படித்த வரிதான். அன்றைக்கு இரண்டாம் தரமும் படித்தேன். சரி, கையாலேயே எடுத்துவிடலாம் என்று பெயர்கள் இருக்கும் ஃபைலைத் திறந்து, அவருடைய வரிக்குப் போனேன். அப்போது திரையில் ஓர் அழைப்பு. தணிகாசலம் உங்களோடு பேச விரும்புகிறார்.

யார் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று உள்ளே இருக்கும் எவரும் பார்க்கலாம். நான் எந்த ஃபைலைத் திறந்திருக்கிறேன் என்று அவர் அங்கிருந்து பார்த்திருக்கிறார். ஏற்றுக்கொண்டேன். திரை இரண்டாகப் பிரிந்தது. கீழ்ப்பாதியில் ஆங்கில எழுத்தில் தமிழ், ஒவ்வோர் எழுத்தாக வந்தது: 'என் பேரை எடுக்கறீங்களா?'

உங்கள் அக்கா என் பக்கத்தில் இருக்கிறார் என்று மேலே எழுதினேன். பிறகு எதுவும் வரவில்லை. கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. இந்த டூலில் ஒரு விசேஷம், எதிரில் இருப்பவர் எழுதுவது மட்டுமல்ல, அழிப்பதும் அப்படியே தெரியும். 'நல்லா இருக்கேன்' என்று வந்தது. கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக மறைந்தது. 'வேலை' என்று வந்தது. மறைந்தது. 'அக்கா' என்று வந்தது. அது ரொம்ப நேரம் நின்றது. அதுவும் மறைந்தது. எழுத்துத் தெரியாத அக்கா திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பூத்துல பேசினா தெருவே கேட்டுக்கினு நிக்கும், அதுக்குத்தான் கூச்சப்படறான் போலகீது" என்று சொல்லி, ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த போனின் நம்பர். அதை மேல்பாதியில் எழுதினேன். எழுதி முடிக்கவும் நான்கு நிமிஷம் ஆகவும் சரியாக இருந்தது. இணைப்பு அறுந்தது. கீழ்ப்பாதியில் அந்த முதல் கேள்வி மட்டும் மிச்சம். வரவழைத்தது கிரானாக இருக்கலாம். தினமும் எல்லோரும் டீக்குப் போகிற நேரமாகப் பார்த்து வந்து, உட்கார்ந்திருந்தது ஆள்தான். அக்காவிடம் வேறு எதையும் சேர்க்காமல், எழுதுகிறார் அக்கா, எழுதி எழுதி அழிக்கிறார் என்று சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அழிக்கிறானா? அப்ப உசுரோடதான் கீறான்."

திங்கட்கிழமை

பன்னிரண்டு மணிக்குள் பெயரை எடுத்துவிட்டேன். சனிக்கிழமை பதினொன்று ஐந்து தாண்டியது, யாரும் வரவில்லை. அந்த நம்பரை அவர் பார்த்தாரா, அதற்குள் இணைப்பு போய்விட்டதா என்று சொல்கிற டூல் எதுவும் என்னிடம் இல்லை. ஞாயிறு முழுக்க வீட்டில் எதைச் சாப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை காலை, புத்தூர் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றபோது ஜன்னலோரம் கன்னியம்மா அக்கா. எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். சுலோச்சனா மேடத்துக்கும் சேர்த்துக் கூடை நிறைய முறுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டில் போன் அடித்ததாம். எடுத்துக் காதில் வைத்தால் பேச்சே இல்லை, மூச்சு மட்டும். அவள்தான் பேசினாளாம். வேலை போனால் போகட்டும் என்றும், வீட்டில் இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு என்றும், டிக்கெட் கிடைக்கிற அன்றைக்கு வந்துவிடு என்றும். அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் அங்கேயும் மூச்சு நின்று, பிறகு வந்ததாம். கடைசியில் அவனே வைத்துவிட்டான். அது அவர்தான் என்று நிச்சயமாகத் தெரியுமா அக்கா என்று கேட்டேன். ரேணிகுண்டா வரைக்கும் அவள் சிரிப்பு அடங்கவில்லை.

"அமெரிக்காவுலேர்ந்து துட்டு குடுத்து போன் போட்டு, மூச்சு மட்டும் வுட வேற எவன் கீறான் பாப்பா எனக்கு?"

சிஸ்டம் அட்மின்களுக்கு உபயோகமான டூல்கள் எவை என்று புதிதாகச் சேருகிறவர்கள் பட்டியல் கேட்டால், இப்போதெல்லாம் அதன் அடியில் பக்கத்து வீட்டுப் போன் நம்பர் என்றும் ஒரு வரி சேர்த்துக் கொடுக்கிறேன், காரணம் கேட்பவர்களிடம் அனுபவம் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.