போர்டில் வீட்டுப் பேர்

எங்களைப் போலத் தெலுங்கு பேசும் குடும்பங்களில் சொந்தப் பேருக்கு முன்னால் வீட்டுப் பேர் என்று ஒன்று உண்டு. எங்கள் ஆட்கள் என்ன தொழில் தொடங்கினாலும் போர்டில் முதலில் எழுதுவது அந்த வீட்டுப் பேரைத்தான். ராயக்கோட்டையில் தக்காளி மண்டி, கிருஷ்ணகிரியில் பல் டாக்டர், ஓசூரில் வக்கீல், மத்திகிரியில் லேத் பட்டறை. எல்லா போர்டிலும் அதே பேர். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரம் இருந்தது என் பஞ்சர் கடை. அப்பா செத்த பிறகு லாரி டயர் கழற்றப் பழகியவள் நான். என் போர்டிலும் அந்தப் பேரை எழுதினேன். ஏன் எழுதக்கூடாது?

நாலு வழிச் சாலை வந்த புதிதில் சித்தப்பா மகளுக்குப் பெங்களூரில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தம் கிருஷ்ணகிரியில். மாப்பிள்ளை வீட்டார் என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு வாரம் முன்னால் சித்தப்பா வந்தார். ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். கிரீஸ் ஒட்டும் என்று உட்காரவில்லை.

"அவங்ககிட்ட டாக்டரு, வக்கீலு, மண்டி எல்லாம் சொல்லியாச்சும்மா. நீ அந்தப் பேரை மட்டும் அழிச்சிடு. வெறும் பஞ்சர் கடைன்னு இருக்கட்டும்."

"லேத்தைச் சொன்னீங்களா?"

"அது கம்பெனிக்கு ஜாப் ஒர்க் பண்ணுதில்ல."

"அங்கயும் கை கருப்புதான் சித்தப்பா."

டாக்டர் பல்லைப் பிடுங்குகிறார், வக்கீல் வாய்தா வாங்குகிறார், நான் நின்றுபோன வண்டியை ஓட வைக்கிறேன். இதில் பேரைக் கெடுத்தது யார்? அழிக்க மாட்டேன் என்றேன். "உனக்குத் திமிரும்மா" என்றார். ஆமாம் என்றேன்.

மறுநாள் ஓசூரிலிருந்து ஒரு பெயிண்டர் டப்பாவோடு வந்து நின்றான்.

"உங்க சித்தப்பா அழிக்கச் சொன்னாருக்கா."

"அழிக்காதே. கன்னடம் எழுத வருமா?"

ஓசூர்க்காரனுக்கு வராமலா? தமிழுக்குக் கீழே அதே பேரைக் கன்னடத்தில் ஒரு முழ உயரத்துக்கு எழுத வைத்தேன். பெங்களூர்க்காரர்களில் தமிழ் படிக்க வராதவர்களும் இருப்பார்களே.

நிச்சயதார்த்தத்தன்று வழிகாட்ட சித்தப்பாவே ஓசூர் போய், மாப்பிள்ளை வீட்டார் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். வேன் என் கடையைத் தாண்டி நின்று, மெதுவாகப் பின்னால் வந்தது. போர்டைப் படித்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பாதான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

"இது உங்க வீட்டுப் பேர்தானே?" என்று சித்தப்பாவைக் கன்னடத்தில் கேட்டார்.

சித்தப்பா எதிர்ப்பக்கம் மலையைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடுவார் போலிருந்தது. சொல்ல நான் விடவில்லை. கையில் டயர் கழற்றும் லீவரோடு வேன் ஜன்னலோரம் போய்க் கன்னடத்திலேயே பதில் சொன்னேன்.

"ஆமாங்க. நான் இவரோட அண்ணன் பொண்ணு. டாக்டரையும் வக்கீலையும் சொன்ன அவசரத்துல என்னைச் சொல்ல மறந்துட்டாரு. இறங்கித் தண்ணி குடிச்சிட்டுப் போங்க. இந்த டயரை மாட்டிட்டு நானும் வர்றேன்."