கார்த்திகை மாதத்து மாம்பழ வாசனை

எங்கள் வீட்டில் ஒரு சோதனை இருந்தது. வேலை முடிந்து பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் நான் குனிய வேண்டும். நாலாம் வகுப்பு படிக்கும் என் மகள் என் வாய்க்கு நேரே மூக்கை வைப்பாள்.

"ஊது."

ஊதுவேன்.

"ம். உள்ள போ."

மெட்ரோ நிலையத்துப் படியில் நான் பாதியில் நின்று மூச்சு வாங்கியதை அவள் பார்த்ததிலிருந்து வந்த ஏற்பாடு இது. "அந்தத் தாத்தாவே ஏறிட்டாரு, நீ இன்னாப்பா?" என்று கிண்டல் செய்தவள், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமியதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அன்றே அவள் தலையில் கை வைத்து, சிகரெட்டை விட்டுவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன்.

பிள்ளைகளே, சத்தியம் செய்வது சுலபம். நான் கார் சீட் கவர் தைக்கிறவன். சிகரெட் இல்லாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் கை நடுங்கியது. நூல் அறுந்தால் மெஷினைத் திட்டினேன். பத்து நாள் அப்படி ஓட்டினேன். பதினோராம் நாள், பக்கத்து மேஜையில் ரெக்சின் வெட்டும் என் நண்பன், பதினைந்து வருடமாக என்னோடு ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தவன், பேனா மாதிரி ஒன்றை என் கையில் வைத்தான்.

"மச்சான், புகை இல்ல, சாம்பல் இல்ல, நாத்தம் இல்ல. வெறும் ஆவி. சிகரெட்ட உட்றதுக்குன்னே வந்தது."

"உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதே?"

"இட்லிப் பானையில வர்ற ஆவி உன்ன இன்னா பண்ணிச்சு?"

நம்பினேன். அவன் சொன்னால் நம்புவேன். அதற்கு வேப் என்று பெயர் என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். இழுத்ததும் கை நடுக்கம் நின்றது. வெறும் ஆவிக்கு நடுக்கம் எப்படி நிற்கும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் நிஜம்.

அன்று சாயங்காலம் மகள் மூக்கை வைத்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"மாம்பழம்! எங்கள உட்டுட்டு நீ மட்டும் மாம்பழம் தின்னுட்டு வந்துட்டியா?"

கார்த்திகை மாதம். பெங்களூரில் மாம்பழம் எங்கிருந்து வரும்? "ஜூஸ்டா கண்ணு" என்றேன். மறுநாள் ஒரு பாட்டில் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். அவள் பாட்டிலை முகர்ந்தாள், என் வாயை முகர்ந்தாள். "இது வேற" என்றாள். நான் சிரித்து மழுப்பினேன். சோதனையில் தேறிவிட்டேன் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு குஷி வேறு. முதல் பேனா தீர்ந்ததும் நண்பனிடமே காசு கொடுத்து இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் இருமல் கேட்டது. என் இருமல் மாதிரியே இருந்தது. குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். கையில் அந்தப் பேனா. நான் மாம்பழத்தை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று தேடியிருக்கிறாள். ஆணியில் தொங்கிய என் பேன்ட் பாக்கெட்டில் அந்த வாசனை வந்திருக்கிறது. ஜூஸ் குடிக்கும் குழாய் போல வாயில் வைத்து உறிஞ்சிவிட்டாள்.

என்னைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"சுள்ளு" என்றாள். கோபம் வந்தால் அவள் கன்னடத்துக்குப் போய்விடுவாள். பொய் என்று அர்த்தம். "தெனம் என் மூஞ்சிலயே சுள்ள ஊதிட்டிருந்திருக்க."

பிறகு வாந்தி எடுத்தாள்.

கிளினிக் டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டுப் பயமில்லை என்றார். என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். "ஆவியா? இதுல இருக்கிறது நிகோடின். சிகரெட்ல உங்களக் கட்டிப் போட்டிருந்ததும் அதேதான். விக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. பழ வாசனை எதுக்கு வெச்சிருக்கான்னு நெனைக்கிறீங்க? உங்களுக்காகவா?"

திங்கட்கிழமை கடைக்குப் போய் நண்பனிடம் கேட்டேன். "உள்ள நிகோடின் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே மேஜை டிராயரை இழுத்துக் காட்டினான். கலர் கலராகப் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. பைக் சீட் மாற்ற வரும் காலேஜ் பையன்களுக்காம்.

"தெரியாம? அது இல்லாட்டி எவன் மச்சான் திரும்பி வருவான்? நீயே ரெண்டாவதுக்கு வந்தியே."

பதினைந்து வருடம் பாதி டீ கொடுத்தவனுக்கு நானும் ஒரு கிராக்கிதான். அவனைக் கண்டபடி திட்ட வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து மாம்பழ வாசனை வந்தது. ஆமாம், மகள் வாந்தி எடுத்த மறுநாள் காலையிலேயே, பஸ் ஏறுமுன் இரண்டு இழுப்பு இழுத்திருந்தேன். திட்டவில்லை. பாக்கெட்டிலிருந்த பேனாவை அவன் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சிகரெட் பாக்கெட்டிலேயே, விட நினைப்பவர்களுக்காக ஒரு போன் நம்பர் அச்சடித்திருப்பார்கள். இத்தனை வருடம் அதைக் கிழித்துத்தான் போட்டிருக்கிறேன். அன்று கூப்பிட்டேன். ஒரு அம்மா கன்னடத்தில் ஆரம்பித்து என் தடுமாற்றத்தைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். ஆசை வரும்போது சில நிமிடம் தாக்குப்பிடித்தால் அது இறங்கிவிடும், அதுவரை தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடங்கள் என்றார். புகைக்கிற இடத்துக்கும் புகைக்கிற ஆளுக்கும் தள்ளி இருக்கச் சொன்னார். முடியாவிட்டால் டாக்டரைக் கேட்டு அதற்கென்று இருக்கும் சூயிங்கம் வாங்கச் சொன்னார். வாங்கினேன். முதலாளியிடம் சொல்லி என் மெஷினைக் கடையின் மறுகோடிக்கு நகர்த்திக்கொண்டேன். முழு டீயைத் தனியாகக் குடித்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

வீட்டு வாசலில் குனிந்தேன். மகள் தாண்டிப் போனாள்.

"ஊதல?"

"வேணாம். என் மூக்கையே நீ ஏமாத்திட்ட. இனிமே நீயே சொல்லு."

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் தவறிவிட்டேன். ஒரு சிகரெட். வாயில் கிராம்பைப் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் வந்தேன். வாசலில் அதைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

"இன்னைக்கு ஒண்ணு புடிச்சிட்டேன்."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குச் சொன்ன?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "நாளைக்கும் சொல்லு" என்று உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு இதுவரை ஒன்றுகூடத் தொடவில்லை.

பிள்ளைகளே, பழ வாசனையோடு ஒன்றை யாராவது நீட்டினால், அவர் உங்கள் உயிர் நண்பராகவே இருந்தாலும் கையை இழுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நீட்டியவன் என் உயிர் நண்பன்தான். என் மகளுக்குக் கிடைத்ததோ அவள் அப்பாவின் பாக்கெட்டிலிருந்து.

இப்போது சித்திரை. தள்ளுவண்டியில் மாம்பழம் குவிந்து கிடக்கிறது. நேற்று நல்ல பழமாகப் பார்த்து வாங்கி வந்து, நறுக்கித் தட்டில் வைத்தேன். மகள் வீட்டுப்பாட நோட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

"சாப்பிடல?"

"அந்த வாசனை வருது."

நான் தட்டை மூடினேன். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"இன்னைக்கு?"

"இல்ல."

"ம்."